டர்னர் வரைந்த டோல்பாடர்ன் கோட்டை

வேல்ஸ் நாட்டின் வடக்கே, லான்பெரிஸ் ஊரை ஒட்டிய பெரிஸ் ஏரிக்கரைக் குன்றில் டோல்பாடர்ன் கோட்டையின் வட்டக் கோபுரம் இடிந்து நிற்கிறது. ஆங்கில ஓவியர் டர்னர் 1798, 1799 ஆண்டுகளில் வடக்கு வேல்ஸில் பயணம் செய்தார். இக்கோட்டையைத் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியத்தை 1800இல் லண்டன் ராயல் அகாடமியின் கண்காட்சியில் வைத்தார். 1802இல் அதன் முழு உறுப்பினரானபோது, புதிய உறுப்பினர் அளிக்க வேண்டிய படைப்பாக இதையே கொடுத்தார். இன்றும் அது அங்கேயே இருக்கிறது.

நிலக்காட்சி என்றால் அகலவாக்கில் வரைவதே பெருவழக்கு. இதுவோ ஏறத்தாழ 120 செ.மீ. உயரமும் 90 செ.மீ. அகலமும் கொண்ட நெட்டுவாக்கு ஓவியம். பார்ப்பவரின் கண் இருண்ட பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறியாக வேண்டும். உச்சியில், வெளிச்சம் படர்ந்த வானத்தின் முன்னே கோபுரம் கறுத்துத் தெரிகிறது. அடிவாரத்தில் மிகச் சிறிய மனித உருவங்கள். அவர்களிடையே கட்டுண்ட கைதி ஒருவர்.

அவர் யார் என்பதற்கு வேல்ஸின் வரலாறு விடை தருகிறது. இளவரசர் லிவெலின் ஆப் கிரிஃபித், அண்ணன் ஓவைனை 1255இல் போரில் வென்று சிறைப்பிடித்தார். 1277 வரை ஓவைனுக்கு விடுதலை இல்லை. அவர் அடைபட்டிருந்த இடம் இக்கோபுரமே என்பது வழிவழி வந்த நம்பிக்கை. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட அந்தத் தனிமையைச் சொல்லத்தான் டர்னர் மலைகளைச் செங்குத்தாக நிமிர்த்தினார். ஓவியத்தின் பெருமையும் அந்தத் துணிவில்தான் இருக்கிறது.

நேரில் செல்பவருக்குக் குன்று எளிதில் ஏறக்கூடியது. கோபுரத்தின் உயரமும் சுமார் 15 மீட்டர்தான். பலகை பலகையாக உடைந்த கற்களை அடுக்கிக் கட்டிய பருத்த சுவர். வாயில் தரைமட்டத்தில் இல்லை, முதல் தளத்தில் இருக்கிறது. வெளிப்படிகளில் ஏறித்தான் நுழைய வேண்டும். உள்ளே சுவரின் கனத்துக்குள்ளேயே சுழல்படி மேலேறுகிறது.

ஏரிக்கு அக்கரையில், 1969இல் மூடப்பட்ட டினோர்விக் சிலேட்டுக்கல் சுரங்கம் மலையைப் படிப்படியாக வெட்டி வைத்திருக்கிறது. அதே மலைக்குள் 1984 முதல் நீர்மின் நிலையம் ஒன்று இயங்குகிறது. மின்தேவை குறைந்த நேரத்தில் பெரிஸ் ஏரியின் நீரை மேலுள்ள ஏரிக்கு ஏற்றி, தேவை கூடும்போது கீழே விடுகிறார்கள். அதனால் கோட்டைக்குக் கீழே நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

டர்னரின் 1799ஆம் ஆண்டுக் கோட்டோவிய ஏடு ஒன்று இக்கோட்டையின் பெயராலேயே அறியப்படுகிறது. அது லண்டன் டேட் காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளது.