அத்தாவின் புல்லட்டும் வலியறிதலும்

தமிழ்த்துறை மலர் என்றால் சங்க இலக்கியம் பற்றியோ சீறாப்புராணம் பற்றியோ எழுதுவதே எங்கள் துறையின் வழக்கம். இம்முறை ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன். மூத்தோர் பொறுத்தருள்க. மாணவர்களுக்குப் பயன்படும் ஒரு செய்தி இதில் உண்டு என்று நம்புவதாலேயே எழுதுகிறேன்.

திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு 350 சி.சி. புல்லட் நிற்கிறது. 1984ஆம் ஆண்டு அத்தா வாங்கியது. அத்தா மணிலா வியாபாரி. நிலக்கடலையை எங்கள் பகுதியில் மணிலா என்றே சொல்லுவோம். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல்தான். அதற்கு முந்தைய வட ஆர்க்காட்டு நாள்களில் செங்கம், கலசப்பாக்கம், போளூர் என்று ஊர் ஊராகச் சென்று காய் பார்த்து விலை பேசிவிட்டு, இருட்டிய பின் அத்தா வீடு திரும்புவார். தெருமுனையில் அந்த வண்டியின் ஒலி கேட்டதும் அம்மா அடுப்பில் தோசைக்கல்லை வைப்பார். பெட்ரோல் டாங்கியின் மேல் என்னை உட்கார வைத்து மலையைச் சுற்றியுள்ள பதினான்கு கிலோமீட்டர் பாதையில் அவர் ஓட்டிச் சென்றதே என் நினைவிலுள்ள முதற் பயணம்.

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்த வண்டி புல்லட். நம் இராணுவத்தின் தேவைக்காக இங்கு வந்து, 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டபின் நம் மண்ணிலேயே உருவாகலாயிற்று. ரெடிச் ஆலை மூடப்பட்ட பின்னரும் திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 சி.சி. சுமார் 18 குதிரைத்திறன். இன்றைய இளைஞர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும் கணக்கு.

அத்தா 2012இல் வஃபாத்தானார். அதன்பின் வண்டி பெரும்பாலும் நின்றே கிடந்தது. பெருநாளைக்கு ஒருமுறை துடைத்து ஓட்டுவேன். சென்ற ஆண்டு, இயந்திரவியல் பட்டயம் படிக்கும் என் மகன் அதைக் கையில் எடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போளூர் வழியே ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்குப் புறப்பட்டோம். ஏற்றத்தின் வளைவுகளில் வண்டி திணறியது. மூன்றாம் கியர் இழுக்கவில்லை. இரண்டாம் கியரிலும் முனகியது. பின்னால் வந்த பேருந்து ஒலியெழுப்பி எங்களைக் கடந்து சென்றது. மகனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அத்தா, இந்த எஞ்சினுக்கு 535 சி.சி. கிட் போட்டுடலாம். அப்புறம் பாருங்க" என்றான்.

அவன் சொன்னது வெறுங்கற்பனை அன்று. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் எக்ளி என்னும் வல்லுநர், புல்லட்டின் சிலிண்டர் விட்டத்தை 87 மில்லிமீட்டராக்கி 535 சி.சி. வண்டிகளைச் செய்து புகழ்பெற்றவர். தூரம் 90 மில்லிமீட்டராகவே இருக்க, விட்டத்தை மட்டும் 17 மில்லிமீட்டர் கூட்டினால் கொள்ளளவு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினான். அத்தாவின் வண்டி பேருந்துக்குப் பின்தங்கியது எனக்கும் உறுத்தியதால் ஒப்புக்கொண்டேன்.

அத்தா காலத்திலிருந்து அந்த வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எழுபதைக் கடந்தவர். அவரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். மகனின் விளக்கத்தை முழுதும் கேட்டார். பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, "தம்பி, அந்தப் பின்சக்கரத்தைக் கையால சுத்து" என்றார். மகன் வேகமாகச் சுழற்றினான். சக்கரம் அரைச் சுற்றில் நின்றுவிட்டது.

"பிரேக் கட்டை விடாம புடிச்சிக்கிட்டிருக்கு. இருக்கிற பலத்தையே பின்சக்கரம் தின்னுது. இதுல புதுப் பலம் எதுக்கு?" என்றார்.

அன்று மாலை அவர் எங்களுக்கு நடத்திய பாடம், நான் வகுப்பில் நடத்தும் எந்தப் பாடத்துக்கும் குறைந்ததன்று. திறன் வேறு, முறுக்குவிசை வேறு. மணிலா ஆட்டும் செக்கை நினைத்துப் பாருங்கள். மாடு செக்குத்தடியை இழுக்கும் வலிமையையும் தடியின் நீளத்தையும் பெருக்கினால் வருவது முறுக்குவிசை. அந்த விசையோடு மாடு எத்தனை விரைவாகச் சுற்றுகிறது என்பதையும் சேர்த்தால் வருவது திறன். புல்லட் நிதானமாக நடக்கும் வலிய மாடு. குறைந்த சுழற்சியிலேயே சுமார் 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். 160 கிலோவுக்கு மேற்பட்ட தன் எடையையும் இருவரையும் மலையேற்றப் போதுமான விசை அது. ஆனால் அது பிறந்தபோது இருந்த அளவு. நாற்பது ஆண்டுத் தேய்மானத்துக்குப் பின் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை நாங்கள் பார்க்கவே இல்லை.

அவர் அடுத்துச் சொன்னது 535இன் உண்மையான விலை. 70 மில்லிமீட்டர் சிலிண்டரைக் கடைந்து 87 ஆக்க முடியாது. அவ்வளவு இரும்பு அதில் இல்லை. புதிய சிலிண்டரும் பிஸ்டனும் வேண்டும். அவை உட்கார கிரேங்க் கேஸின் வாயைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். அதற்கேற்ற சிலிண்டர் ஹெட், வால்வுகள், பெரிய கார்புரேட்டர் வேண்டும். பிஸ்டனின் எடை மாறுவதால் உள்ளிருக்கும் சுழல்சக்கரங்களை மீண்டும் சமன்செய்ய வேண்டும். இல்லையேல் அதிர்வு வண்டியையே உலுக்கிவிடும். கனெக்டிங் ராடின் அடிப்பகுதியில் பழைய எஞ்சினில் இருப்பது மிதக்கும் புஷ். கூடுதல் விசையைத் தாங்க அதை ரோலர் பேரிங்காக மாற்றுவது நல்லது. பிறகு கிளட்ச், செயின், நான்கு கியர் பெட்டி. பழைய எஞ்சினின் அழுத்த விகிதமான 6.5:1ஐக் கூட்டினால் வெப்பமும் கூடும். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய இரப்பர்க் குழாய்களையும் கவனிக்க வேண்டும்.

"கம்பெனியே செஞ்சதைப் பாரு" என்று மகனிடம் ஒரு சான்றும் காட்டினார். 2013இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் கான்டினென்டல் ஜிடி என்னும் 535 சி.சி. வண்டியை வெளியிட்டது. முந்தைய 500 சி.சி. எஞ்சினின் 84 மில்லிமீட்டர் விட்டத்தை 87 ஆக்கியதில் 27.2 குதிரைத்திறன் 29.1 ஆயிற்று. இரண்டு குதிரைத்திறன்கூட முழுதாகக் கூடவில்லை. ஆயினும் அதற்கென்று புதிய சட்டகம் வடிவமைத்து, முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் பொருத்தினார்கள். உயர்த்திய விசையை எது தாங்கும், எது நிறுத்தும் என்ற கேள்விகளுக்கு விடைகண்ட பின்பே வண்டி சாலைக்கு வந்தது.

மகன் விடவில்லை. "தாத்தா, நீங்க யாருக்குமே செஞ்சு கொடுத்ததில்லையா?" என்று கேட்டான்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். "ஒரு பையனுக்கு என் கையாலதான் செஞ்சேன். வண்டி நல்லாத்தான் ஏறுச்சு. இறங்கும்போதுதான் பழைய டிரம் பிரேக் கேக்கலை. கால் போச்சு. எஞ்சினைச் செஞ்ச நான் பிரேக்கைப் பார்க்கலை. அதுக்கப்புறம் நான் இதைத் தொடறதில்ல" என்றார்.

அதன்பின் மகன் ஒன்றும் கேட்கவில்லை.

வீடு திரும்பிச் சட்டத்தையும் பார்த்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. உச்சநீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதனை உறுதிசெய்திருக்கிறது. பதிவுச் சான்றில் கொள்ளளவும் எழுதப்பட்டிருக்கிறது. 346 என்று பதிந்த வண்டி 535 ஆக ஓடினால், விபத்தென்று வரும்போது காப்பீடும் கைவிடக்கூடும்.

எனவே பெரியவர் தம் வழியில் வேலையைத் தொடங்கினார். எஞ்சினைப் பிரித்தபோது தேய்ந்த சிலிண்டர், சரியாக மூடாத வால்வுகள், கரியடைத்த சைலன்சர், வழிமாறிய இக்னிஷன் டைமிங் எல்லாம் வெளிப்பட்டன. சிலிண்டரை அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்குக் கடைந்தார்கள். கொள்ளளவு 346லிருந்து 351 ஆனது. தேய்மானத்தைச் சரிசெய்ய உற்பத்தியாளர்களே அனுமதிக்கும் அளவு அது. புதிய பிஸ்டனும் ரிங்குகளும் ஏறின. வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தார். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து ஜெட்டைச் சரிபார்த்தார். கியர்பெட்டியின் செயின் சக்கரத்தில் யாரோ எப்போதோ 17 பல் மாட்டியிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு 16 பல் போட்டார். இந்த ஒரு பல்லால் பின்சக்கரத்துக்குச் செல்லும் முறுக்குவிசை 6 விழுக்காடு கூடியது. உச்ச வேகம் சற்றுக் குறைந்தது. எல்லாவற்றுக்கும் முதலில் அவர் செய்தது இரண்டு பிரேக்குகளையும் புதுப்பித்ததுதான்.

இரண்டு மாதங்களுக்குப் பின் மீண்டும் ஜமுனாமரத்தூர் சென்றோம். அதே வளைவுகளில் வண்டி மூன்றாம் கியரில் சீராக ஏறியது. பறக்கவில்லை; திணறவுமில்லை. இறங்கும்போது மகனே ஓட்டினான். நான் பின்னால் அச்சமின்றி அமர்ந்திருந்தேன். அவனுடைய 535 கனவு முற்றிலும் கலைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் ஏதேனும் வண்டியைக் கண்டால் முதலில் அதன் பிரேக்கைப் பார்க்கிறான்.

எனக்கோ வேறொன்று உறைத்தது. அந்த வண்டியின் வலியைக் கரைத்தது காலம் மட்டுமன்று. அதைப் பேணாமல் விட்ட நானுந்தான். என் கவனக்குறைவை மறைக்கவே புதிய பாகங்களைத் தேடியிருக்கிறேன். திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதலை இருபது ஆண்டுகளாக நடத்துகிறேன். வண்டியின் அச்சு முறிவதைப் பற்றிய குறள் ஒன்றும் அதில் உண்டு. அதற்கு உரை சொல்லும்போதெல்லாம் என் வீட்டுத் தாழ்வாரத்து வண்டி என் நினைவுக்கு வந்ததே இல்லை.

மாணவச் செல்வங்களே! உங்களிடமும் இன்று பலர், ஒரு பட்டத்தையும் ஒரு சான்றிதழையும் மேலும் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். என்னிடமும் சொல்கிறார்கள். நான் பெற்ற எம்.ஃபில். பட்டத்தையே 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. ஆகவே நானும் பழைய எஞ்சின்தான். முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்ய எண்ணியிருக்கிறேன். ஆனால் அதற்கு முன், படித்து மறந்த இலக்கணத்தை மீண்டும் எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் உயர்வை நாடுங்கள்; அது உங்கள் உரிமை. புதியதை ஏற்றுமுன், உள்ளதில் எது தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கூட்டப்போகும் விசையைத் தாங்கவும் வேண்டும்போது நிறுத்தவும் உங்களால் இயலுமா என்பதையும் பாருங்கள்.

இப்போது மாலை வேளைகளில் தெருமுனையில் மீண்டும் அந்த ஒலி கேட்கிறது. எண்பதை நெருங்கும் என் அம்மா, அடுக்களையிலிருந்து ஒரு கணம் தலைதூக்கிப் பார்க்கிறார்.