நாவல்பழ நாக்கு

"பிள்ளை அப்படியே அப்பன் நிறம்" என்றார் பெரியம்மா. "பொம்பளைப் பிள்ளையாச்சே, கொஞ்சம் வெளுப்பா பிறந்திருக்கலாம்" என்றார் பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு பாட்டி, யாரும் கேட்காமலே. கடலை மாவு, பாலாடை, குங்குமப்பூ என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். என் மகள் பிறந்து அப்போது ஒரு நாள்கூட ஆகவில்லை.

நான் சிரித்துக்கொண்டேன். உள்ளுக்குள் லேசாக ஒரு வருத்தமும் வந்தது. அந்த வருத்தத்துக்காக இன்று வரை என்னை நானே மன்னிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து நிறம் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், என் மகள் நீலமாகிக்கொண்டிருந்தாள்.

நடந்து ஏழு வருடமாகிறது. தலைப்பிரசவம் என்பதால் கோவில்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தேன். சின்ன நர்சிங் ஹோம். சுகப்பிரசவம். எடை 2 கிலோ 900 கிராம். பிறந்ததும் நன்றாக அழுதாள். ஐந்தாம் மாத ஸ்கேனிலும் 'நார்மல்' என்றுதான் எழுதியிருந்தது. பயப்பட ஒரு காரணமும் இல்லை.

இரண்டாம் நாள் மதியத்திலிருந்து பால் சரியாகக் குடிக்கவில்லை. இரண்டு முறை உறிஞ்சுவாள், விட்டுவிடுவாள், தூங்கிவிடுவாள். மூச்சு கொஞ்சம் வேகமாக இருந்தது. ஆனால் திணறலோ முனகலோ இல்லை. "பிறந்த குழந்தை தூங்கத்தான் செய்யும்" என்றார்கள். கால் சில்லென்று இருக்கிறது என்று அம்மா ஒரு ஜோடி சாக்ஸ் போட்டுவிட்டார். கைக்கும் உறை. விரல் நகம் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

அன்று இரவு இரண்டு மணி இருக்கும். பயிற்சிக்கு வந்திருந்த ஒரு நர்ஸ் பெண், இருபது வயதுகூட இருக்காது, குழந்தையின் துணியை மாற்றும்போது சாக்ஸைக் கழற்றினாள். நகத்தைப் பார்த்தாள். பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "குளிருக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் அவர். அதுவும் பொய்யில்லை. பிறந்த ஓரிரு நாளில் கை கால் நீலம் பாய்ந்திருப்பது சகஜம். அந்தப் பெண் அதோடு போயிருக்கலாம். போகவில்லை. குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். மகள் வாயைத் திறந்து அழுதாள்.

"அக்கா, நாக்கு ஏன் நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு?"

பல்ஸ் ஆக்ஸிமீட்டரைக் காலில் மாட்டினார்கள். 68 என்று காட்டியது. மெஷின் கோளாறாக இருக்கும் என்று சிஸ்டர் தன் விரலில் மாட்டிப் பார்த்தார். 98. மறுபடி குழந்தைக்கு மாட்டினார். 67.

டாக்டர் ஓடி வந்தார். முகத்தின் மேல் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பத்து நிமிடம் கழித்தும் 70-ஐத் தாண்டவில்லை. "நுரையீரல் பிரச்னையா இருந்தா ஆக்ஸிஜன் வச்சதும் ஏறணும்மா. ஏறலைன்னா ஹார்ட்டா இருக்கலாம்" என்றார். அந்த வார்த்தைக்கு அப்புறம் அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரலுக்குப் போகவேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி, ஒரு சின்னக் குறுக்குக் குழாய் வழியாக உடம்புக்குத் திரும்பிவிடும். பிறந்து ஓரிரு நாளில் அந்தக் குழாய் தானாகவே சுருங்கி மூடிக்கொள்ளும். நல்ல இதயத்துக்கு அது மூடினால்தான் நல்லது. ஆனால் சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய்தான் உயிர். அது திறந்திருக்கும் முதல் நாள் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். அது மூட மூடக் குழந்தை நம் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கும்.

அந்தக் குழாயை மூடவிடாமல் வைக்க ஒரு மருந்து இருக்கிறது. புரோஸ்டாகிளாண்டின். குளிர்பெட்டியில் வைக்கவேண்டியது. எங்கள் நர்சிங் ஹோமில் இல்லை. டாக்டர் மதுரைக்குப் போன் போட்டார். நாங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரில் ஓட வேண்டும் என்றுதான் நினைத்தோம். "வேண்டாம். இப்படியே கிளம்பினா வழியில தாங்காது. மருந்தும் டாக்டரும் இங்க வரட்டும்" என்றார். அந்த முடிவுதான் என் மகளைக் காப்பாற்றியது என்று பின்னால் மதுரையில் சொன்னார்கள்.

மருந்து வந்து சேர இரண்டு மணி நேரம். எண் 60-க்கு இறங்கியது. 55. 52. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் எதையும் கண்கொட்டாமல் பார்த்ததில்லை. அம்மா மூலையில் உட்கார்ந்து இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. தொப்புளில் மெல்லிய குழாயைச் செருகி, சிரிஞ்ச் பம்ப்பில் மருந்தை ஏற்றினார்கள். சொட்டுச் சொட்டாக, நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டிய மருந்து. சில நிமிடம் நின்றாலும் பலன் போய்விடும். அரை மணி நேரத்தில் 75 வந்தது. எனக்கு அது 100 மாதிரி இருந்தது.

"இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு, சில குழந்தைகள் மூச்சு விட மறந்துடும். அதுக்குத் தயாராத்தான் போறோம்" என்று அந்த டாக்டர் முன்பே சொன்னார். சாத்தூர் தாண்டியதும் அப்படியே நடந்ததாம். ஆம்புலன்ஸின் முன் சீட்டில் இருந்த என் கணவர் பார்த்திருக்கிறார். முகத்தில் மாஸ்க் வைத்து பலூன் போன்ற பையை அமுக்கி, மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பின்னால் காரில் வந்த என்னிடம் அதை ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னார்.

மதுரையில் எக்கோ எடுத்துவிட்டு, இதய டாக்டர் எங்களை உட்காரவைத்து ஒரு தாளில் படம் போட்டார். முதலில் 8 என்று எழுதினார். "ரத்தம் இப்படித்தான் ஓடணும். உடம்புக்குப் போயிட்டு இதயத்துக்கு வந்து, நுரையீரலுக்குப் போயிட்டுத் திரும்ப இதயத்துக்கு வரணும்." பக்கத்தில் இரண்டு தனித்தனி வட்டம் போட்டார். "உங்க பாப்பாவுக்கு ரெண்டு பெரிய ரத்தக்குழாயும் இடம் மாறி முளைச்சிருக்கு. நல்ல ரத்தம் நுரையீரலையே சுத்துது. கெட்ட ரத்தம் உடம்பையே சுத்துது. ரெண்டும் சந்திக்கிறதே இல்லை."

என் கணவர் விவசாயக் குடும்பம். "ரெண்டு வாய்க்கால் ஓடுது, நடுவுல மடை இல்லை. அப்படித்தானே சார்?" என்று கேட்டார். டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதேதான். நாம இப்போ மருந்து போட்டு ஒரு மடையைத் திறந்து வச்சிருக்கோம். இன்னொரு மடையை வெட்டணும்."

வெட்டினார்கள். ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயத்துக்குள் அனுப்பி, அதன் நுனியில் உள்ள பலூனை ஊதி, இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் வெடுக்கென்று இழுத்து ஓட்டையைப் பெரிதாக்குகிறார்கள். 1966-ல் அமெரிக்காவில் ராஷ்கைண்ட் என்ற டாக்டர் கண்டுபிடித்த வழி. ஓட்டை இருந்தால் இதயநோய் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். ஓட்டை போட்டதால் பிழைத்தவள் என் மகள்.

ஒன்பதாம் நாள் பெரிய அறுவை சிகிச்சை. இடம் மாறிய இரண்டு குழாய்களையும் வெட்டி, மாற்றித் தைப்பது. கூடவே, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் நூல் போன்ற குழாய்களையும் பெயர்த்து நட வேண்டும். 1975-ல் பிரேசிலில் ஜாட்டெனே என்பவர் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தது. "கொஞ்சம் வளரட்டுமே, தாங்குவாளா?" என்று கேட்டேன். "வளர விடக்கூடாதும்மா. நுரையீரலுக்கு லேசா தள்ளிப் பழகிட்டா, உடம்பு முழுக்கத் தள்ளுற பலம் அந்தப் பக்க இதயத்துக்குப் போயிடும். முதல் சில வாரத்துக்குள்ள செஞ்சாகணும்" என்றார். காப்பீட்டு அட்டை பாதிச் செலவைத் தாங்கியது. மீதியை என் நகை தாங்கியது.

ஆபரேஷன் முடிந்து வந்த முதல் இரவுதான் கண்டம் என்றார்கள். தைத்த இதயம் சில மணி நேரம் சோர்ந்துபோகும். வீக்கம் இருந்ததால் நெஞ்சை மூடாமல், மெல்லிய சவ்வு போட்டு வைத்திருந்தார்கள். ஏழு பம்ப்கள் எண்ணினேன். அட்ரீனலின், மில்ரினோன் என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டியிருந்தது. ஒன்று இதயத்தைத் தள்ளச் சொல்லும், இன்னொன்று ரத்தக்குழாயைத் தளர்த்தி வேலையை லேசாக்கும்.

நான் மானிட்டரையே வெறித்துக்கொண்டிருந்தேன். "அதைப் பார்க்காதீங்கம்மா, பிரஷர் கடைசிவரைக்கும் நல்லாத்தான் காட்டும். குழந்தைங்க உடம்பு அப்படி. கையையும் காலையும் சுருக்கி, கடைசிவரை பிரஷரைப் பிடிச்சு வச்சிருக்கும். அது விழுந்தப்புறம் பார்த்தா லேட்" என்றார் அங்கிருந்த சீனியர் சிஸ்டர். தன் விரலால் மகளின் நெற்றியை அழுத்தினார். ஐந்து எண்ணிவிட்டு விரலை எடுத்தார். வெளுத்த இடம் மறுபடி சிவக்கும்வரை எண்ணினார். "ரெண்டு, மூணுக்குள்ள வரணும். இப்போ அஞ்சு ஆகுது." பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சிறுநீர்ப் பையில் எத்தனை மில்லி என்று குனிந்து பார்த்தார். மணிக்கு ஒரு முறை, விடிய விடிய, இதே மூன்றும்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் என் கையைப் பிடித்து மகளின் பாதத்தில் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. நான் அழுததைப் பார்த்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பாடம் அடுத்த வார்டிலும் உதவியது. டெங்குவோடு வந்திருந்த ஆறு வயதுப் பையனின் அம்மா, "காய்ச்சல் விட்டுருச்சு, இனி பயமில்லை" என்று சந்தோஷமாகச் சொன்னார். பையனின் காலைத் தொட்டேன். ஐஸ். நர்ஸைக் கூப்பிட்டேன். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்த ஓட்டம் குறையுமாம். அளந்து அளந்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அவன் நான்காம் நாள் வீட்டுக்குப் போனான்.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அதில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. எல்லாம் என் மகளுடையது போல அவசரமானவை அல்ல. ஆனால் அவசரமானவற்றைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பிறந்து 24 மணி நேரம் ஆனதும், வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்ப்பது. ஊசி இல்லை, வலி இல்லை, ஐந்து நிமிடம் போதும். 95-ம் அதற்கு மேலும் இருக்க வேண்டும். கைக்கும் காலுக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. 90-க்குக் கீழே என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. 80-களில் இருக்கும் குழந்தையின் நீலம் வெறும் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். அதிலும் நம்மைப் போன்ற நிறத்துக்கு இன்னும் கஷ்டம். அதனால்தான் மெஷின் வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் முன் "பாப்பாவுக்கு அதை வச்சுப் பார்த்தாச்சா?" என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

முதல் பிறந்தநாளுக்கு லட்டும் ஒரு சேலையும் எடுத்துக்கொண்டு அந்த நர்சிங் ஹோமுக்குப் போனோம். அந்தப் பெண் இல்லை. பயிற்சி முடிந்து போய்விட்டாள். பெயர் கேட்டேன். "நிறைய பிள்ளைங்க வந்து போறாங்கம்மா" என்றார்கள். அந்த இரவில் நான் அவள் பெயரைக் கேட்டிருக்கவில்லை. நன்றிகூடச் சொல்லவில்லை. சேலை இன்னும் பீரோவில் இருக்கிறது.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. வருடத்துக்கு ஒரு முறை எக்கோ. நெஞ்சில் நீளமாக ஒரு தழும்பு. "ஜிப்" என்று சொல்லித் தோழிகளுக்குக் காட்டுகிறாள். நிறம் மாறவில்லை, அப்பா நிறம்தான். பெரியம்மா அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன ஆடியில் ஸ்கூல் விட்டு வந்தவள் வாசலில் நின்று, "அம்மா, இங்க பாரேன்" என்று நாக்கை நீட்டினாள். கருநீலம். கையில் இருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். முதலில் அவள் பாதத்தைத்தான் தொட்டேன். வெயிலில் நடந்து வந்த கால், சுட்டது.

"ஸ்கூல் வாசல்ல பாட்டி விக்குது. உனக்கும் ஒண்ணு வச்சிருக்கேன்" என்று உள்ளங்கையை விரித்தாள். நசுங்கிய ஒரு நாவல்பழம்.