டு லெட்... குருவிகளுக்கு மட்டும்!

ஏற்காட்டுக்குப் போகிற யாரும் அடிவாரத்தைப் பார்ப்பதில்லை. சேலத்தில் பஸ் ஏறுவார்கள். அடிவாரம் வந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வாந்திக்கு முன்னெச்சரிக்கையாக ஓர் எலுமிச்சம்பழம் வாங்குவார்கள். அப்புறம் கொண்டை ஊசி வளைவுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே மேலே போய்விடுவார்கள். மொத்தம் இருபது. பெரும்பாலும் பன்னிரண்டாவது வளைவில் எண்ணிக்கை தப்பிவிடும்; எலுமிச்சம்பழம் வெளியே வந்துவிடும்.

நான் மட்டும் அடிவாரத்திலேயே இறங்கிவிட்டேன். ஐந்து சென்ட் நிலம், ஆபீஸ் லோன், இரண்டு ரூம் வைத்து ஒரு வீடு. காரணம், அப்பா.

அப்பாவுக்குக் க்ளாக்கோமாவில் பார்வை போய் சில வருஷங்கள் ஆகின்றன. சேலம் டவுனில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு கறிவேப்பிலை மரம் உண்டு. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அதில் கொண்டைக்குருவி ஒன்று வந்து கத்தும். அதுதான் அப்பாவுக்கு அலாரம். "விடிஞ்சாச்சு, பாலை வைம்மா" என்பார். டவுனிலேயே ஒரு குருவி வருகிறது என்றால், மலைக்குக் கீழே குடிபோனால் குருவிக் கச்சேரியே நடக்கும் என்று கணக்குப் போட்டேன். நான் ஆபீஸில் போடுகிற கணக்கே சரியாக வராது. இது மட்டும் எப்படி வரும்?

புது வீட்டில் ஒரே நிசப்தம். முதல் வாரமே ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அப்பா கேட்டார்: "ஏண்டா, இன்னும் விடியலையா?"

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஸார்.

உடனே தோட்டம் போட முடிவு செய்தேன். ஆபீஸ்காரன் தோட்டம் போடுவது எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியுமே! மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா, மலர்க் கண்காட்சி. பார்த்து மயங்கி, ஒரு நர்சரியில் ஹைட்ரேஞ்சியா நாலு, ரோஜா ஆறு, குரோட்டன்ஸ் எட்டு, வேலி ஓரத்துக்குத் தங்க நிறத்தில் துராந்தா ஐம்பது. மனைவியின் மடியில் ஹைட்ரேஞ்சியா, என் மடியில் ரோஜா. முள் குத்திக்கொண்டே இருபது வளைவும் இறங்கினோம்.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். சேலமோ முந்நூறு மீட்டர்கூடக் கிடையாது. மேலே ஸ்வெட்டர், கீழே விசிறி. ஹைட்ரேஞ்சியா பத்து நாள் எங்களோடு குடித்தனம் பண்ணிவிட்டு உயிரை விட்டது. ரோஜா ஒரு மாசம் தாங்கியது. குரோட்டன்ஸும் துராந்தாவும் பிழைத்துக்கொண்டன. ஆனால் ஒரு குருவி? ஒரு காக்கா? ஊஹூம்.

அப்போதுதான் அந்த வழியே ஆடு ஓட்டிக்கொண்டு போகிற ஆயா வேலி ஓரமாக நின்று என் தோட்டத்தைப் பார்த்தது.

"என்ன கண்ணு, ஒரே பச்சையும் மஞ்சளுமா இருக்குது?"

"குருவி வரட்டும்னு வெச்சேன் ஆயா. ஒண்ணும் வரமாட்டேங்குது."

ஆயா சிரித்தது. "இங்க ஒரு பெரிய பொதரு இருந்துச்சே சாமி! சூரமுள்ளு, காரை, சங்கஞ்செடி எல்லாம் பின்னிக்கிட்டு. எம்புட்டுக் குருவி கெடக்கும் அதுல! மிசினைக் கொண்டாந்து வழிச்சுப்போட்டது நீதானே? இருந்த வூட்ட இடிச்சுப்புட்டு 'வா, வா'ன்னா எப்பிடி வரும்?"

உண்மைதான். வீடு கட்டுமுன் ஜே.சி.பி.யை விட்டு ஒரே நாளில் 'க்ளீன்' பண்ணியது நானேதான். ஒரு மணிக்கு இவ்வளவு என்று வாடகை வேறு கொடுத்தேன்.

மறுநாள் ஆபீஸில் நண்பனிடம் புலம்பினேன். அவன் தாவரவியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு எங்கள் செக்‌ஷனில் ரசீது கிழித்துக்கொண்டிருக்கிறவன். பல வருஷமாக யாரும் அவனிடம் செடியைப் பற்றிக் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டான். "ஞாயித்துக்கிழமை வண்டியை எடு. மலைக்குப் போறோம். ஆனா எதையும் வாங்கறதில்லை, பார்க்கறதோட சரி" என்றான்.

ஏற்காடு மலைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். வளைவுக்கு வளைவு செடி மாறுகிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கீழே முள்ளும் பாறையும். கொஞ்சம் ஏறினால் மூங்கில். அதற்கும் மேலே காப்பித் தோட்டம். நிழலுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். அதைச் சுற்றி மிளகுக் கொடி. காப்பியை இங்கே கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், சட்டென்று வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"உன் வீட்டுக்கு வேண்டியது மேலே இல்லை. முதல் ரெண்டு வளைவுக்குள்ளேயே இருக்கு. திருப்பு."

திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரு பொக்கிஷம் கிடைத்தது. ரோட்டோரம் மஞ்சளும் ரோஸுமாகப் பூத்த ஒரு புதர். அதில் மூன்று கொண்டைக்குருவிகள் கறுப்புப் பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தன. "இதோ, இதுதான்!" என்று ஒரு கிளையை ஒடிக்கப் போனேன்.

"தொடாதே! அது உண்ணிச்செடி."

"குருவிக்குப் பிடிச்சிருக்கேடா!"

"உனக்குக்கூடத்தான் பஜ்ஜி பிடிக்கும். மூணு வேளையும் பஜ்ஜி போடச் சொல்வியா?"

அப்புறம் அவன் சொன்னதுதான் விஷயமே. உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அழகுக்காக 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. இன்றைக்கு இந்தியாவின் காடுகளில் பெரும்பரப்பில் அதுதான் பட்டா போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆடு, மாடு தின்றால் விஷம். அதன் அடியில் வேறு செடி தலைதூக்க முடியாது. இத்தனையையும் பரப்பியது யார்? பழத்தைத் தின்று, விதையை எச்சமாகப் போட்டுப் போகிற இதே குருவிகள்தான். இதுபோன்ற அயல் செடிகளை அகற்றவென்றே தமிழக அரசு 2022-ல் தனியாக ஒரு கொள்கை வெளியிட வேண்டியதாயிற்று.

"டவுன்ல நீ எதை நட்டாலும் அது உன் காம்பவுண்டோட போச்சு. அடிவாரத்துல அப்படி இல்லை. நீ நடற பழம் குருவி வயித்துல ஏறி, சாயங்காலத்துக்குள்ள மலைக்குப் போயிடும். நீ அஞ்சு சென்ட்ல தோட்டம் போடலை, சேர்வராயன் மலைக்கே விதை போடறே."

சும்மா சொல்லக்கூடாது. ரசீது கிழிக்கிற கைதான். ஆனால் பேச்சில் எம்.எஸ்ஸி. தெரிந்தது.

அன்று அவன் காட்டிய செடிகள் எல்லாமே நாம் பள்ளிக்கூட நாளில் பிடுங்கித் தின்றவை. கறுப்பாகக் குட்டிப் பழம் விடும் சூரைமுள். மஞ்சள் பழம் காரை. ஊறுகாய்க்குப் போகும் களாக்காய். வெள்ளை முத்துப் போலப் பழம் விடும் சங்கஞ்செடி. மையைப் போலக் கறை பிடிக்கும் பூலாம்பழம். தேன்சிட்டுக்கு ஆடாதொடையும், சிவப்புப் பூ விட்டுக் காயை முறுக்கிக்கொள்ளும் வலம்புரியும். பொங்கல் காப்புக்கட்டுக்கு ஒடிக்கிறோமே, அந்த ஆவாரம்.

"ஆவாரத்துல பழம் ஏது?" என்றேன்.

"புழு இருக்கும்."

"சே!"

"என்ன சே? பழம் தின்கிற குருவிகூடக் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். இந்த மண்ணு இலையைத்தான் இந்த மண்ணுப் புழு தின்னும். உன் குரோட்டன்ஸ் இலையில ஒரு ஓட்டை பார்த்திருக்கியா? ஓட்டை இல்லாத தோட்டம், அடுப்பு எரியாத ஓட்டல் மாதிரி."

முள்ளும் சும்மா இல்லையாம். கொண்டைக்குருவி ஆள் உயரத்துக்கும் கீழே கிண்ணம் மாதிரி கூடு கட்டும். பூனையும் காக்காயும் அதற்கு எமன். முள்தான் அதற்கு வாட்ச்மேன். இந்த மலைப் பக்கத்துக்கென்று இன்னொரு பெருமையும் உண்டு. மஞ்சள்தொண்டைச் சின்னான் என்று கொண்டைக்குருவிக்கு ஓர் உறவுக்காரன். தென்னிந்தியாவின் பாறைக்குன்றுப் புதர்களைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. சேர்வராயன் மலையில் உண்டு. எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிற பறவை. நாம் 'வெறும் முள்ளுக்காடு' என்று ஜே.சி.பி. விடுகிறோமே, அதுதான் அதற்குச் சொந்த ஊர்.

இனி செய்முறை. காட்டில் போய்ச் செடியைப் பிடுங்கக்கூடாது; ரிசர்வ் காடு, கேஸ் போட்டுவிடுவார்கள். ஆயாவே தன் பட்டி வேலியிலிருந்து பழமாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தது. சதையைக் கழுவி, விதையைப் பையில் போட்டு, ஆடி கழிந்து மழை பிடித்ததும் நட்டோம். ஒரே சமயத்தில் எல்லாம் பழுத்தால் பிரயோஜனம் இல்லை. ஒன்று ஓய்ந்தால் ஒன்று வரவேண்டும். அதனால் கலந்து நட்டோம். கத்தரிக்கோலைப் பரண்மேல் போட்டாயிற்று. துராந்தா வேலியைத் தோண்டி எடுத்தாயிற்று. மருந்தடிப்பதும் கிடையாது. ஒரு மண்சட்டியில் தண்ணீர், தினமும் மாற்றி. பாம்பு பயத்துக்காக முள்புதர் எல்லாம் பின்வேலி மூலையில். வாசல் பக்கம் துப்புரவாக.

மனைவிதான் ஆட்சேபித்தாள். "என்னங்க, முள்ளுச் செடியை வீட்டுல வெச்சா சண்டை வரும்னு சொல்வாங்க."

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?" என்றேன். அன்றைக்கு வந்தது ஒரு சண்டை.

முதல் வருஷம் ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்தில் "பாவம், லோன் கட்ட முடியாமல் தோட்டத்தை விட்டுட்டார்" என்று பேசிக்கொண்டார்கள். இரண்டாம் வருஷம் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து, இலைச் சருகைப் புரட்டி, சட்டசபை மாதிரி சத்தம் போட்டன. அப்புறம் தையல்சிட்டு. ஆடாதொடை பூத்தபோது தேன்சிட்டு. மூலையில் நட்ட கறிவேப்பிலை பழுத்ததும் குயில். எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு அதன் தளிரை மொட்டையடித்தபோது, மனைவி ரசத்துக்கு அடுத்த வீட்டில் கறிவேப்பிலை கேட்டாள். என்னை முறைத்துக்கொண்டேதான்.

போன வருஷம் ஆடி முடிந்த ஒரு நாள். இருட்டுப் பிரியவில்லை. யாரோ என் தோளைத் தட்டினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டே என் அறைவரை வந்திருந்தார் அப்பா.

"டேய், எழுந்திரு. விடிஞ்சாச்சு."

ஜன்னலைத் திறந்தேன். காரைச் செடியின் உச்சியில் கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு ஒரே கத்தல். உள்ளே எங்கேயோ கூடு இருக்க வேண்டும். நான் தேடிப் போகவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். மனைவி எதுவும் கேட்காமல் பாலை அடுப்பில் வைத்தாள்.

இப்போது எனக்கு ஒரே ஒரு குறைதான், ஸார். அந்தக் குருவிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது தெரியவில்லை. அப்பாவுக்கும்!