காலாளும் சட்டமும்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியை விட்டு விலகி, நமுனுகுல மலைச்சாரலை நோக்கி ஏறும் ஒரு தோட்டத்துப் பாதையில் சனிக்கிழமைதோறும் நாம் நடந்து செல்வதுண்டு. அங்கே ஒரு பழைய பிள்ளைக்காம்பராவில், 6 வயது முதல் 9 வயது வரையிலான 14 பிள்ளைகள் எமக்காகக் காத்திருப்பர். நகரத்துப் பாடசாலையில் மேல்வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிப்பது எமது தொழில். ஆயினும் இப்பிள்ளைகளுக்கு நாம் கொண்டு செல்வது இலக்கணமன்று, சதுரங்கம்.

“பசித்த வயிற்றுக்குச் சதுரங்கம் எதற்கு?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வியே. அவருக்கு அன்று நாம் விடை கூறவில்லை. இப்போது கூற முயல்கின்றோம்.

எம்மிடம் இருந்தவை இரண்டு பலகைகளே. மீதியைப் பிள்ளைகளே ஆக்கிக்கொண்டனர். பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, பக்கத்துக்கு 8 வீதம் 64 கட்டங்கள் கீறி, ஒன்றுவிட்டொன்றாகக் கரி பூசினர். சோடாப் போத்தல் மூடிகள் காய்களாயின. மூடியின் மேல் ஒட்டிய கடதாசியில் ‘இ’ என்றால் இராசா. ‘கு’ என்றால் குதிரை. சிவப்பு மை ஒரு படை, நீல மை மறு படை.

எல்லாக் காய்களையும் ஒரே நாளில் விளக்கினால் சிறுவர் மனம் சலித்துவிடும். ஆகையால் முதல் வாரம் காலாட்களை மட்டுமே பலகையில் வைத்தோம். காலாள் நேரே ஒரு கட்டம் செல்லும், தன் முதல் நகர்வில் மட்டும் விரும்பினால் இரண்டு கட்டம் செல்லும், வெட்டுவதோ மூலைவாட்டில். எவருடைய காலாள் முதலில் மறுகரை சேர்கிறதோ அவருக்கே வெற்றி. இச்சிறு விளையாட்டிலேயே முறை மாறி ஆடுதல், பொறுத்திருத்தல், எதிரில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்று எண்ணிப் பார்த்தல் ஆகிய மூன்றும் அடங்கிவிடுகின்றன. அடுத்த வாரம் கோட்டையும் மந்திரியும். அதன்பின் அரசனும் அரசியும். குதிரையை இறுதிக்கு விட்டோம். “இரண்டு நேரே, ஒன்று பக்கம்” என்று நாம் பலமுறை கூறியும் விளங்கவில்லை. “லயத்து வாசல்ல ரெண்டு வீடு தாண்டி ஓடி, சந்துல ஒரு வீடு திரும்புற மாதிரி” என்று ஒரு சிறுவன் சொன்னதும் அனைவர்க்கும் விளங்கிற்று.

காலாளைப் பற்றித்தான் கேள்விகள் அதிகம் எழுந்தன. “சேர், மத்த எல்லாம் திரும்பி வருது. காலாள் மட்டும் ஏன் பின்னால வர முடியாது?” என்றாள் 7 வயதுச் சிறுமி ஒருத்தி. “சட்டம் அப்படி” என்றோம். “யாரு போட்ட சட்டம் சேர்?” என்றாள்.

அன்று எஞ்சிய நேரம் முழுவதும் கதையாகவே கழிந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரால் அமைந்த இவ்விளையாட்டு ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் வழங்கியது. பாரசீகம் சென்று, அராபியர் வழியே ஐரோப்பாவை அடைந்தது. இன்று பலகையில் பேராற்றல் படைத்த அரசி, அக்காலத்தில் அரசனின் ஆலோசகனாக இருந்த ஓர் எளிய காய். மூலைவாட்டில் ஒரு கட்டத்துக்கு மேல் அதனால் நகர இயலாது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் அதற்கு இன்றைய ஆற்றல் கிட்டியது. காலாளின் முதல் இரட்டை அடியும் பின்வந்ததே. பஞ்சாபைச் சேர்ந்த சுல்தான் கான், காலாள் ஓரடி மட்டுமே வைக்கும் உள்நாட்டு ஆட்டத்தில் வளர்ந்தவர். மேனாட்டு விதிகளைப் புதிதாகக் கற்றுக்கொண்டு இங்கிலாந்து சென்றவர், 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானியச் சாம்பியன் ஆனார். விதிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. மனிதர் ஆக்கினர், மனிதரே மாற்றினர்.

ஆயினும் ஆட்டத்தின் நடுவே, ஒரு பக்கத்தாருக்கு மட்டும், விதியை மாற்றுதல் ஆகாது. இதனைப் பிள்ளைகளுக்கு விளக்கியபோது எம் மனம் வேறெங்கோ சென்றது. இத்தோட்டங்களை ஆக்கிய மக்களுக்கு நேர்ந்தது அதுவேயன்றோ? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரில் இரு நாட்டு அரசுகளும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டுக்கொண்டன. மேலும் 150,000 பேரின் கதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஆடுவோரை எவரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்தோருக்கு வழி பிறக்க 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி எட்டாம் கட்டத்துக்கு வருவோம். மறுகரையை அடையும் காலாள் அரசியாக உயரலாம் என்பது சதுரங்கத்தின் இனிய விதி. பரிசளிப்பு விழாக்களில் பேசுவோர்க்கு இதைவிட வாய்ப்பான உவமை கிடையாது. நாமும் அவ்வாறே பேசினோம். 2024 டிசம்பரில் தமது 18ஆம் வயதில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியனான சென்னை இளைஞர் குகேசின் கதையைப் பெருமிதத்தோடு கூறி, “நீங்களும் எட்டாம் கட்டத்தை அடையலாம்” என்று முடித்தோம். அதே சிறுமி, பலகையின் ஓரத்தில் குவிந்து கிடந்த மூடிகளைக் காட்டி, “அப்ப மத்த ஏழு பேரும் சேர்?” என்றாள்.

நாம் வாயடைத்துப் போனோம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரு பிள்ளை சித்தியடைந்தால் அதன் படத்தைச் சுவரில் மாட்டுகின்றோம். அதனோடு எழுதிய மற்றப் பிள்ளைகள் என்னவானார்கள் என்று நாம் தேடியதுண்டா? அவர்களிற் பலரின் பெயர்கூட எமக்கு நினைவில்லை. ஒரு காலாளை அரசியாக்குவதே கல்வி என்று இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தமை எமது குறையே.

அவ்வாறாயின் சதுரங்கத்தால் விளைந்த பயன் யாது? ஒருநாள் அச்சிறுமியோடு ஆடுகையில், கவனக்குறைவால் எமது அரசனை அவளது கோட்டையின் பாதையிலேயே நகர்த்திவிட்டோம். “சேர், அது பிழை” என்றாள். சுற்றியிருந்த பிள்ளைகள் திகைத்தனர். பெரியவரைப் பார்த்துப் பிழை என்று சொல்வது அவர்கள் கண்டறியாத செயல். நாம் காயைத் திரும்ப எடுத்து வைத்தோம்.

சில வாரங்களின் பின் அவளது தாயார் எம்மை வழிமறித்தார். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தாயோடு சென்ற சிறுமி, தராசு காட்டியதற்கும் துண்டில் எழுதியதற்கும் இரண்டு கிலோ வித்தியாசம் இருப்பதைக் கண்டு, ஏன் என்று உரக்கக் கேட்டிருக்கிறாள். “கழிவுன்னு சொன்னாங்க சேர். யாரு போட்ட சட்டம்னு கேட்டுட்டா. அப்படியே பயந்துட்டேன். புள்ளைய கொஞ்சம் அடக்கி வைங்க சேர்.”

அத்தாயின் அச்சம் பொய்யான அச்சமன்று. மறுநாள் பெரட்டில் வேலைக்கு நிற்க வேண்டியவர் அவர், நாமல்லோம். ஆதலால் வீரவசனம் எதுவும் பேச எமக்கு வாய் வரவில்லை. “அவள் பிழையாக ஒன்றும் கேட்கவில்லையே அக்கா” என்று மட்டும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “பிழையில்லதான்” என்றார். அந்த இரண்டு கிலோ திரும்ப வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை சிறுமி வழமைபோல வந்தாள். தாயும் வாசல்வரை வந்து சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

நண்பருக்கு நாம் கூறும் விடை இதுவே: சதுரங்கம் வயிற்றை நிரப்பாது. ஆனால் பசிக்கும் ஒரு விதி உண்டு என்பதையும், அதனை ஆக்கியவர் மனிதரே என்பதையும் கேட்டறியும் வாயை அது திறந்துவிடுகிறது. அவ்வாய் திறந்தபின் அருகில் நிற்பது எமது கடன்.