குழிக்குக் காவல்

பல்வலி பகலில் அடங்கித்தான் இருக்கும். வேலையோடு வேலையாக அதுவும் கூடவே வரும், மூக்கைச் சுளித்துக்கொண்டு சமாளித்துவிடலாம். ராத்திரி தலையணையில் தலை சாய்ந்ததும்தான் சுயரூபத்தைக் காட்டும். படுத்ததும் தலைக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தம் கூடுகிறது. சொத்தை பிடித்த பல்லுக்குள் இருக்கும் கூழ் ஏற்கெனவே வீங்கி, இம்மியும் விரிந்து கொடுக்காத சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அங்கே அழுத்தம் ஏற ஏற வலியும் ஏறும். புழல் காவாங்கரையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விழித்திருப்பவருக்கு, ஜி.என்.டி. ரோட்டில் விடிய விடிய ஓடும் லாரிகள்தான் துணை. அதில் பாதி, செங்குன்றம் அரிசி மில்லுக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகிற வண்டியாக இருக்கும்.

விடிந்ததும் டாக்டரிடம் போவார் என்று நினைத்தால் அது நடக்காது. முதலில் கிராம்பு. பிறகு மெடிக்கல் ஷாப்பில், "பல்லு வலிக்கு ஒரு மாத்திரை குடுப்பா." வலி அடங்கிவிட்டால் பல் சரியாகிவிட்டதாக அர்த்தம். உள்ளே இருந்த நரம்பு செத்துப்போனதாலும் வலி நிற்கும் என்பதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அடுத்த மாதம் கன்னம் வீங்கிய பிறகுதான் வீட்டில் பஞ்சாயத்து கூடும். அதில் கட்டாயம் ஒரு பெரியம்மா இருப்பார்: "மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்டா."

பெரியம்மாவின் பயம் முழுக்க ஆதாரமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. மேல் பற்களுக்கு வரும் நரம்பும், கண்ணைச் சுற்றி நெற்றிவரை போகும் நரம்பும் ஒரே தாய் நரம்பின் கிளைகள். அதனால்தான் மேல் கடவாயில் சொத்தை என்றால் கண்ணுக்குப் பின்னாலும் வலிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் பார்வையைச் சுமக்கிற நரம்பு வேறு, அதற்கும் பல்லுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. பல்லை எடுப்பதால் கண் போய்விடுவதில்லை. வயதானபோது இரண்டும் ஒரே காலத்தில் போகின்றன, பழி பல் டாக்டர் மேல் விழுகிறது.

எங்கே போவது? புழலிலேயே மெயின் ரோட்டை ஒட்டிப் பல் கிளினிக் போர்டுகள் உண்டு. காசு யோசிப்பவர்கள் 57 வரிசைப் பஸ்ஸில் ஏறி, மூலக்கடை, வியாசர்பாடி வழியாகப் பாரிமுனைப் பக்கம் போவார்கள். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. அதற்கும் முன்னாலிருந்தே பாரிமுனை வட்டாரத்துக்காரர்களுக்குச் 'சீனா டாக்டர்' பழக்கம். சீனாவின் ஹூபெய் மாகாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாகப் பல் கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் இல்லாமல் பல வருடம் தொழில் செய்துவந்தவர்களுக்கென்றே பதிவேட்டில் 'பி' பகுதி என்று தனி இடம் ஒதுக்கினார்கள். கைத்தொழிலுக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் அரசாங்கம் போட்ட சிறு பாலம் அது.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "ரூட் கேனால் பண்ணிப் பல்லைக் காப்பாத்தலாம், இல்லேன்னா எடுத்துடலாம்" என்பார். காப்பாற்றுவதென்றால் இரண்டு மூன்று தடவை வரவேண்டும், மேலே கேப் போடவேண்டும். எடுப்பதென்றால் ஒரே நாள். மணலியிலோ எண்ணூரிலோ ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு ஒரு நாள் லீவு என்பது ஒரு நாள் சம்பளம். இந்தப் பக்கம் எத்தனையோ கடவாய்ப் பற்கள் போனதற்குச் சொத்தை பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி இந்தக் கணக்குதான்.

எடுப்பது என்று முடிவானதும் பிரஷர், சுகர் பார்ப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. வெறும் வயிற்றில் வராதீர்கள் என்பார்கள். ஊசியைப் பார்த்து மயங்கி விழுகிறவர்களில் பலர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர்கள்.

பிறகு மரத்துப் போகிற ஊசி. மேல் தாடை எலும்பு சற்றே நுண்துளை உள்ளது. பல்லுக்குப் பக்கத்தில் குத்தினாலே மருந்து ஊறிப் போய்விடும். கீழ்த்தாடை கெட்டி, அங்கே மருந்து இறங்காது. அதனால் வாயின் கோடியில், நரம்பு எலும்புக்குள் நுழைகிற இடத்திலேயே வழிமறிக்க வேண்டும். பாதி உதடும் நாக்கின் பாதியும் தன்னுடையது இல்லாத மாதிரி ஆகிவிடும். இந்த வழிமறிப்பை 1884-இல் நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் கொகெய்னை வைத்துச் செய்து காட்டினார். தன் உடம்பிலும் சோதித்துப் பார்த்ததில் அவரே அதற்கு அடிமையாகிப்போனார். இன்று குப்பியில் இருக்கும் லிக்னோகெய்ன், ஸ்வீடனில் லோஃப்க்ரென் 1943-இல் உருவாக்கியது.

அதற்கு முந்தைய காலத்து வைத்தியம் வெறும் தைரியம்தான். 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் பல்லை எடுக்க ஒத்துக்கொள்ளாமல் அடம்பிடிக்க, லண்டன் பிஷப் ஆய்ல்மர், அவர் கண்ணெதிரிலேயே தன் பல் ஒன்றைப் பிடுங்கச் சொல்லிக் காட்டினாராம். ராஜ விசுவாசத்துக்கு அவர் கொடுத்த விலை ஒரு பல். 1844-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், சிரிப்பூட்டும் வாயுவை வேடிக்கை காட்டும் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துவிட்டு, மறுநாளே அந்த வாயுவை முகர்ந்துகொண்டு தன் பல்லையே எடுக்கச் சொன்னார். வலி தெரியவில்லை.

நாற்காலியில் இருப்பவர் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பயம் பாதி குறையும். ஊசி வலியைத்தான் நிறுத்தும், அழுத்தத்தை நிறுத்தாது. எலிவேட்டர் என்கிற ஒல்லிக் கருவி பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் நுழைகிறது. டாக்டரின் மணிக்கட்டு மெதுவாகத் திரும்புகிறது. பல்லை எலும்போடு பிணைத்திருக்கும் நார்கள் அறுந்து, குழி கொஞ்சம் கொஞ்சமாக அகலும். அப்புறம் குறடு. கன்னப் பக்கம், நாக்குப் பக்கம், மறுபடி கன்னப் பக்கம் என்று அசைத்து அசைத்து, இழுப்பது கடைசி நொடியில்தான். 'கறக்' என்று ஒரு சத்தம் வரும். எலும்பு வழியாகவே காதுக்குப் போவதால் அது நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும் கட்டடம் இடிகிற சத்தம். தட்டில் விழுகிற பல்லைப் பார்த்தால், இத்தனை நாள் ஆட்டிப்படைத்தது இதுவா என்று தோன்றும்.

டாக்டரின் வேலை ஏறக்குறைய இத்தோடு முடிந்தது. இனிமேல்தான் நோயாளியின் வேலை.

பஞ்சை வைத்து, முக்கால் மணி நேரம் இறுக்கிக் கடிக்கச் சொல்வார்கள். நர்ஸ் சொல்லும் முதல் வாக்கியம் எல்லாக் கிளினிக்கிலும் ஒன்றுதான்: "துப்பாதீங்கண்ணா, எச்சிலை முழுங்கிடுங்க."

"ரத்தத்தையாம்மா முழுங்கச் சொல்றே?"

ஆமாம், அதைத்தான் சொல்கிறார். துப்பும்போது வாய்க்குள் ஏற்படுகிற உறிஞ்சல், குழியில் அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தத்தைப் பெயர்த்துவிடும். அந்த உறைந்த ரத்தம்தான் எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் மூடி. புது எலும்பு வளரப் போகிற நாற்றங்காலும் அதுவே. வாய் கொப்பளிப்பது, ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சுவது, பீடி இழுப்பது, எல்லாம் அதற்கு எதிரி. முதல் நாள் எச்சிலில் சிவப்பு கலந்துவருவது சகஜம். ஒரு சொட்டு ரத்தமே எச்சிலோடு சேர்ந்தால் ஒரு வாய் ரத்தமாகத் தெரியும். தலையணையில் பழைய துண்டைப் போட்டு, தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுத்தால் போதும்.

ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்பது இதில் கிடைக்கும் ஒரே சலுகை. குழைய வடித்த தயிர்சாதம், ஆறின கஞ்சி, பாலில் ஊறிய இட்லி. உதடு மரத்திருக்கும்வரை மெல்லுகிற வேலையே வேண்டாம். தெரியாமல் உதட்டையே கடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போனபிறகு அலறுகிறவர்கள் உண்டு. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். அதையும் களகளவென்று கொப்பளிக்காமல், வாயில் வைத்திருந்து தானாக வழியவிட வேண்டும். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அதைப் பார்த்து "டாக்டர் கெடுத்துட்டாரு" என்று முடிவுகட்டுவது அவசரம்.

உண்மையான அபாயம், வலி குறைந்துவந்து மூன்றாம் நாள் திடீரென்று திரும்பும்போது வருகிறது. காதுவரை இழுக்கும், வாய் நாறும், மாத்திரைக்கு அசையாது. கண்ணாடியில் பார்த்தால் குழி கறுஞ்சிவப்பாக இல்லாமல் வெறும் எலும்பாக வெளுத்துத் தெரியும். 'டிரை சாக்கெட்' என்பார்கள். கீழ்க் கடவாயில், அதிலும் புகை பிடிப்பவர்களுக்கு, இது அதிகம். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. 2013-இல் தமிழக அரசு குட்காவுக்குத் தடை போட்டது. ஆனாலும் உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்களை ஜி.என்.டி. ரோட்டில் இன்றும் பார்க்கலாம். பல் எடுத்த ஆளிடம், 'ஒரு வாரம் அதைத் தொடாதே' என்பதுதான் நிஜமான மருந்துச் சீட்டு. மாத்திரையை எழுதித் தந்துவிடலாம், இதைச் செய்யவைப்பது கஷ்டம். அப்படியும் குழி காய்ந்துபோனால் டாக்டர் அதைக் கழுவி, மருந்து தோய்த்த துணியை உள்ளே வைப்பார். அந்த மருந்தில் பெரும்பாலும் கிராம்பு எண்ணெயின் சத்து இருக்கும். மணத்திலேயே தெரிந்துவிடும். வீட்டில் ஆரம்பித்த கிராம்பு கிளினிக் வழியாக மறுபடி வாய்க்கே வந்து சேர்ந்திருக்கும். வீட்டிலோ நேராகக் கிராம்புத் தைலத்தை ஊற்றி ஈறைப் பொசுக்கிக்கொள்வார்கள்.

ஈறு மூட மூன்று நான்கு வாரம், உள்ளே எலும்பு நிரம்பப் பல மாதம். அதுவரை ஒவ்வொரு சாப்பாட்டிலும் ஒரு பருக்கை தவறாமல் குழிக்குள் போய் உட்காரும். நாக்கு சும்மா இருக்காது, துழாவிக்கொண்டே இருக்கும். குச்சியால் குடையாமல் உப்புத் தண்ணீரைக் கையில் எடுப்பவருக்கு நல்ல பொறுமை என்று சொல்லலாம்.

குழந்தையின் பால்பல் விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிகிற வழக்கம் உண்டு. பெரியவர்களின் பல்லுக்கு அந்த மரியாதை கிடையாது, அது மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குள் போகிறது. அந்த இடத்தில் வேறு பல் வைக்கலாமா என்று டாக்டர் கேட்பார். முன்பல் என்றால் பேச்சே இல்லை, அடுத்த முகூர்த்தத்துக்குள் கட்டிவிடுவார்கள். கடவாய் என்றால், "யார் பார்க்கப் போறாங்க டாக்டர்?" சில வருடங்களில் பக்கத்துப் பல் காலி இடத்தை நோக்கிச் சாயும், மேலேயிருக்கும் எதிர்ப் பல் பிடிமானம் இல்லாமல் கீழே இறங்கும், சாய்ந்த பல்லின் இடுக்கில் சோறு தங்கிப் புதுச் சொத்தை பிடிக்கும். அப்போது அவர் அதே கிளினிக்கில் வந்து உட்கார்ந்து, பக்கத்துப் பல்லையும் பார்க்கச் சொல்வார்.