பாட்டிலைக் கொட்டினால் போதுமா?

எங்கள் பிறந்த வீட்டுப் பின்கட்டுச் சாக்கடைக்கு மட்டும் வாய் இருந்தால் கதை கதையாகச் சொல்லும். தம்பி ஒளித்து வைத்த பாட்டில்களை நானும் அம்மாவும் மாற்றி மாற்றி அதில்தான் கொட்டினோம். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒன்று, மாட்டுக் கொட்டகைக் கூரையில் ஒன்று. கொட்டக் கொட்டக் குடி போய்விடும் என்று நம்பிக்கை. அவனோ அடுத்த பாட்டிலுக்குக் கடன் வாங்கினான்.

தம்பிக்கு ரிக் லாரியில் வேலை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் அந்த லாரிகளோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் போய்விடுவார்கள். இரவெல்லாம் வேலை, உடம்பு வலி, வீட்டு நினைப்பு. ஒரு வாய் ஊற்றிக்கொண்டால் தூக்கம் வரும் என்று ஆரம்பித்தது, பிறகு அது இல்லாமல் கை நடுங்காமல் சட்டைப் பொத்தான் போட முடியாது என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவள், அடிக்கடி பெருமூச்சு விடுவாள். "எங்க காலத்துல ராஜாஜி கடையையே மூடினாரு கண்ணு!" என்பாள். உண்மைதான். இந்தியாவே திரும்பிப் பார்க்கும்படி மதுவிலக்கு 1937 அக்டோபர் 1-ல் அமலானது எங்கள் சேலம் ஜில்லாவில்தான். அப்போது நாமக்கல்லும் இதே ஜில்லா. அதற்கு முன்பே, 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, குடிக்கு எதிராக ஊர் ஊராகப் பேசியவர் ராஜாஜி. ஆனால் 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. பிறகு மாறி மாறி வந்து போயிற்று. கடையை மூடுவது சர்க்கார் வேலை. மூடினாலும் திறந்தாலும், வீட்டுக்குள் கை நடுங்க உட்கார்ந்திருப்பவனை என்ன செய்வது? அதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சொல்லித்தராததால் ஒரு பெரிய தப்புச் செய்தோம். ஓர் ஆடி மாதம், தம்பியை அறையில் வைத்துப் பூட்டிவிட்டோம். "நாலு நாள் குடிக்காம இருந்தா மறந்துருவான்" என்றார் பெரியப்பா. முதல் நாள் நடுக்கமும் வியர்வையும். மூன்றாம் நாள், "அக்கா, சுவரெல்லாம் எறும்பு ஊருது, தட்டிவிடுக்கா" என்று அலறினான். சுவரில் ஓர் எறும்பும் இல்லை. காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடித்தோம். அன்றிரவு வலிப்பு வந்து வாயில் நுரை தள்ளியது. பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மா ஓடிவந்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்திருக்காவிட்டால் அவன் இன்று இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. "நிறுத்தணும்னு நினைச்சது சரிம்மா. நிறுத்தின முறைதான் தப்பு" என்றார். தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு, அதற்கேற்ப மூளையை முறுக்கி வைத்திருக்கிறதாம். திடீரென்று சாராயம் நின்றால் அந்த முறுக்கு அவிழாமல் மூளை துள்ளுகிறது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்று நாள் வாக்கில் இல்லாதது தெரியும், புலம்பல் வரும், உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வையில் மருந்து கொடுத்து, வைட்டமின் பி1 ஊசி போட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

பேய் என்று நாங்கள் அடித்தது ஒரு நோயாளியை! அந்த உறுத்தல்தான், சேலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய மனநல, போதை மறுவாழ்வு உதவிப் பணியாளர் பயிற்சிக்கு என்னைத் தள்ளியது.

"குடிகாரங்களோட பேசற வேலையா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார் மாமியார். சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையாரின் கதையை அவரிடம் சொன்னேன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த அவர், மூலையில் உட்காரவில்லை. அமெரிக்கா சென்று பயிற்சி பெற்று வந்து, 1980-ல் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். எத்தனையோ குடும்பங்கள் அங்கே மீண்டு எழுந்திருக்கின்றன. 1992-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மதியச் சோத்தை நான் பார்த்துக்கறேன், நீ போயிட்டு வா" என்றார்.

பயிற்சி என்றால் நிறைய பேசக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்துப் போனேன். முதல் பாடமே வாயை மூடுவதுதான்! இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். ராசிபுரத்து அக்கா ஒருத்தர் தன் கஷ்டத்தைச் சொல்ல, நான் ஐந்து நிமிடம் புத்தி சொல்லாமல் கேட்க வேண்டும். இரண்டாவது நிமிடமே, "நீங்க இப்படிச் செஞ்சிருக்கலாமில்லீங்க?" என்றுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டிலும் இப்படித்தானே, தம்பி வாயைத் திறக்கும் முன்பே நான் பிரசங்கம் செய்திருக்கிறேன்!

உலக சுகாதார நிறுவனம் தயாரித்த 10 கேள்விகளைக் குற்றம் சாட்டாத குரலில் கேட்கப் பழகினோம். ஒருவர் சொன்னதை ஊர்க்கிணற்றடியில் அவிழ்த்து விடக்கூடாது என்று கற்றோம். மருந்து தருவது எங்கள் வேலை அல்ல, டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே வேலை என்பதையும் கற்றோம். எனக்குக் கசந்த பாடம் ஒன்று உண்டு. "உங்க தம்பிக்கு நீங்க அக்காவா மட்டும் இருங்க. ஆலோசகர் வேற ஆள்" என்றார்கள். அதற்காகவே வந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது யோசித்தால் அது எவ்வளவு பெரிய நிம்மதி!

சகோதரிகளே, உங்களுக்கு உபயோகப்படும் என்று சிலவற்றைச் சொல்கிறேன். தம்பி பெண்டாட்டி ஒருநாள், "சாம்பார்ல கலந்தா குடி வெறுத்துப் போகுமாம் அக்கா" என்று ஒரு பொட்டலத்தைக் காட்டினாள். அவருக்குத் தெரியாமல் எந்த மருந்தையும் கலக்காதீர்கள். சில மருந்துகளோடு சாராயம் சேர்ந்தால் நெஞ்சு படபடத்து உயிருக்கே ஆபத்து. அதேபோல, "அவருக்குக் காய்ச்சலுங்க" என்று முதலாளியிடம் பொய் சொல்வதும், சாராயக் கடனை நகை வைத்து அடைப்பதும் அன்பு போலத்தான் தோன்றும். ஆனால் குடியின் சுமை அவருக்குத் தெரியாமலே போய்விடும். போதையில் இருக்கும்போது சண்டை வேண்டாம், காலையில் தெளிந்தபின் பேசுங்கள். அடித்தால் குழந்தைகளோடு பத்திரமான இடத்துக்குப் போங்கள். பொறுத்துக்கொள்வது சிகிச்சை ஆகாது.

இன்னொன்று. பயிற்சி முடிந்த புதிதில், எங்கள் மகளிர் குழுவில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி தூக்கமே இல்லை என்றாள். முகம் இருண்டு கிடந்தது. கற்றுக்கொடுத்தபடி தனியே உட்கார்ந்து, "செத்துப் போயிடலாம்னு தோணுதா கண்ணு?" என்று கேட்டேன். கேட்கும்போது என் கைதான் நடுங்கியது. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் பாரம்தான் இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். பிறகு விக்கி விக்கி அழுதாள். அன்று அவளைத் தனியே விடவில்லை. அம்மாவை வரவழைத்து, மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். இன்று அவள் பிள்ளை பால்வாடிக்குப் போகிறான்.

ஆளில்லாத நேரத்தில் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மனக்கஷ்டத்துக்குத் தமிழிலேயே, இரவு பகல் எந்நேரமும் பேசுவார்கள். காசு கிடையாது. போதைப் பழக்கத்துக்கு 14446.

தம்பி என்ன ஆனான் என்கிறீர்களா? எட்டு மாதம் தொடாமல் இருந்தான். தீபாவளிக்கு மறுநாள், மாட்டுக் கொட்டகைக் கூரையில் கை விட்டால் பாட்டில்! பழைய பழக்கத்தில் கால் சாக்கடைப் பக்கம்தான் போயிற்று. நின்றேன். மறுபடி விழுவது இந்த நோயில் உண்டு, அது முடிவல்ல என்று படித்திருந்தேனே. பாட்டிலைத் திண்ணையில் அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, "என்னடா ஆச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டேன். கால் மணி நேரம் கழித்துப் பேசினான். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றியா அக்கா?" என்றான்.

போனோம். இது ஐந்தாவது மாதம்.