நீயும் நீங்களும்

தமிழ்த் தொலைக்காட்சி நாடகம் பார்க்கும்போது, கதையைவிட யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதையே நான் கவனிப்பேன். மாமியார் மருமகளை ‘நீ’ என்பார். அவளோ ‘நீங்க, அத்தை’ என்பாள். கணவனை ‘என்னங்க’ என்று அழைப்பாள். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். சண்டை முற்றி ஒருநாள் அவளும் ‘நீ’ என்று சொல்லிவிட்டால், அத்துடன் அன்றைய பாகம் முடிந்துவிடும்!

ஈரானிய நாடகங்களிலும் இதே கதைதான். பாரசீக மொழியில் ‘நீ’ என்பதற்குத் ‘தோ’, ‘நீங்கள்’ என்பதற்கு ‘ஷொமா’. அங்கே தந்தை தம் பிள்ளையையே ‘பாபா’ என்று கொஞ்சுவார். ‘பாபா’ என்றால் அப்பா. எங்கள் தாத்தாவும் என்னை ‘என்னம்மா’ என்றும் தம்பியை ‘வாப்பா’ என்றும்தானே அழைத்தார்!

அந்தத் தாத்தா நெகிரி செம்பிலானில் ஓர் இரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டியவர். அதிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் கிராணி, தம்மைவிட மிக மூத்த அவரை ‘நீ’ என்பார். தாத்தா ‘ஐயா’ என்று பதில் சொல்வார். துரையையும் கிராணியையும் தொழிலாளர் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

லயத்துக்குத் திரும்பினால் நிலைமை வேறு. அவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாத்தா. பக்கத்து வீட்டார் பெரியப்பா, எதிர்வீட்டார் அத்தை. சேலம், தஞ்சாவூர் என்று பல ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு இங்கே இரத்த உறவு குறைவு. ஆகவே, சொல்லாலேயே உறவை உண்டாக்கிக்கொண்டார்கள். எதிர்வீட்டு அத்தை எங்களுக்குச் சோறு போடுவார். காதைத் திருகவும் செய்வார். ‘அத்தை’ என்று அழைத்த பிறகு எப்படிக் கோபித்துக்கொள்வது?

1999இல் சன் தொலைக்காட்சியில், இராதிகா நடித்த ‘சித்தி’ தொடர் தொடங்கியது. அம்மாவின் தங்கையை எங்கள் வீட்டில் ‘சின்னம்மா’ என்றே அழைப்போம். தொடரைப் பார்த்த என் அக்காள் மகள் என்னைச் ‘சித்தி’ என்றாள். பாட்டிக்குப் பிடிக்கவில்லை. “சித்தின்னா மாற்றாந்தாய்டி!” என்றார். அத்தொடரில் வருபவரும் மாற்றாந்தாய்தான் என்பதால் எங்களால் மறுத்துப் பேச முடியவில்லை.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சிரம்பானிலும் நீலாயிலும் குடியேறியவர்களின் பிள்ளைகள், பக்கத்து வீட்டாரை ‘அங்கிள்’, ‘ஆண்டி’ என்கிறார்கள். அதில் மரியாதைக் குறைவு இல்லை, நெருக்கம்தான் போதவில்லை. எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு மூதாட்டி தனியாக இருக்கிறார். ஒருநாள் மின்தூக்கியில் என் மகள் அவரைப் ‘பாட்டி’ என்று அழைத்தாள். மறுநாளே அவர் எங்கள் கதவைத் தட்டி, அவளுக்குப் பள்ளி எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.